மன்னாரில் பார்க்க என்ன இருக்கிறது?

மன்னார் நகரில் குடியிருக்கும் என் தமையனாரின் மகன் சென்ற பாடசாலை விடுமுறையின்போது தொலைபேசியில் அழைத்தான்.

"சித்தப்பா, பிள்ளையள் இரண்டும் போனும் கையுமாக் கிடக்குதுகள். ஒரு நாளைக்கு எங்கையாவது கூட்டிக்கொண்டு போகவேணும். எங்கை போறது?"

"மடுவுக்குப் போயிட்டு வாவன்" என்றேன்.

"ஆடிக்கும் போனாங்கள், ஆவணிக்கும் போனாங்கள். கோயில் இல்லாத இடமாச் சொல்லுங்கோ."

அத்தீவிலே பிறந்தவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன். பிள்ளைகளோடு ஒருநாள் போய்வர ஓர் இடம் சொல் என்று கேட்டவனுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று இணைப்பைத் துண்டித்துவிட்டு, இத்தகைய விடயங்களைத் தெரிந்திருக்க வேண்டிய ஓர் அலுவலகத்துக்கு அழைப்பெடுத்தேன். மறுமுனையில் இருந்த உத்தியோகத்தர் கேட்ட முதற் கேள்வி: "வெளிநாட்டாக்களோ, உள்ளூராக்களோ?" உள்ளூர் என்றதும் அவருடைய உற்சாகம் வடிந்துவிட்டது. "பெருக்க மரத்தைப் பாக்கலாம்" என்றார். வற்புறுத்தியதன் பேரில் ஒரு கையேட்டை அனுப்பிவைத்தார். முற்றும் ஆங்கிலத்தில் அமைந்த கையேடு. பூநாரைகளின் படம், காற்றுப்பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலிற் சறுக்கும் விளையாட்டு, விடுதிகள். இரண்டு பிள்ளைகளோடு பஸ்ஸில் ஏறும் ஒரு தாய்க்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்த உத்தியோகத்தரை மட்டும் குறைகூறி ஒதுங்கிக்கொள்ள நான் விரும்பவில்லை. குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறவேண்டியவர்கள் பத்திரிகைக்காரர்களாகிய நாமே. எங்களுடைய பிராந்தியப் பக்கங்களை எடுத்துப் பாருங்கள். மரண அறிவித்தல் உண்டு, கொடியேற்றம் உண்டு, அமைச்சர் நாடா வெட்டும் படம் தவறாமல் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம், எத்தனை மணிக்குப் பஸ், நிழல் இருக்குமா, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்பனவற்றை எழுதுவது எங்கள் தரத்துக்குக் குறைவானது என்று எண்ணிவிட்டோம். "மன்னாரில் பார்க்க என்ன இருக்கிறது? வெயிலும் கழுதையும்தான்" என்ற பழைய பகிடியை ஆசிரிய பீடத்தில் இருந்து நானே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். கழுதைகளைக் காட்டினாலே எந்தப் பிள்ளையும் மகிழ்ந்திருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

அரிப்பை எடுத்துக்கொள்வோம். மன்னாரிலிருந்து வங்காலையூடாகத் தெற்கே சென்று அருவி ஆற்றைக் கடந்தால் அடையக்கூடிய ஊர். 1660இல் சிறைப்பிடிக்கப்பட்டு, கண்டி அரசில் ஏறத்தாழ 20 ஆண்டுகளைக் கழித்த ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ், 1679இல் ஒரேயொரு தோழனுடன் தப்பியோடினான். யானைக்கும் ஊர்க்காவலருக்கும் அஞ்சி ஒளிந்து, இந்த ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டே காடு வழியாக நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தரின் சிறு கோட்டையை அடைந்தான். அங்கிருந்து மன்னாருக்குக் கொண்டுவரப்பட்டான். 1681இல் இலண்டனில் அவனுடைய நூல் வெளிவந்ததை நம் மாணவர்கள் பரீட்சைக்காக மனனம் செய்கிறார்கள். அவன் வந்து சேர்ந்த இடம் தங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

அதே அரிப்பின் கடலோரத்தில்தான் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை நிற்கிறது. ஊரவர் அதற்குச் சூட்டிய பெயர் அல்லிராணிக் கோட்டை. ஆளுநரைத் தள்ளிவிட்டுக் கதையிலே வரும் அரசியைக் குடியேற்றிய எங்கள் முன்னோரின் குறும்பை நான் மெச்சுகிறேன். நிற்கிறது என்று எழுதினேன். சரியான சொல் இடிந்துகொண்டிருக்கிறது என்பதே. கடல் ஒவ்வோர் ஆண்டும் அதைத் தின்கிறது.

தலைமன்னாருக்குப் புகையிரதமே போகிறது. 1914இல் தனுஷ்கோடிக் கப்பலோடு இணைக்கப்பட்ட பாதை அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990இல் போர் எங்கள் தண்டவாளத்தை நிறுத்தியது. 2015 மார்ச்சில் வண்டி திரும்பவும் ஓடியது. பழைய இறங்குதுறையருகே நின்று, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அப்பால் இந்தியா என்று பிள்ளைக்குக் கை நீட்டிக் காட்டுவதற்குப் புகையிரதக் கட்டணம் போதும். வங்காலைச் சரணாலயத்துக்கு அதுவும் தேவையில்லை. தாம்போதியில் இறங்கினாலே போதும். 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள, 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த ஈரநிலத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ தொலைநோக்கியோடு வருகிறார்கள். நாம் பஸ் யன்னலை மூடிவிட்டு உறங்குகிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். நகரின் நடுவே 2018இல் நூற்றுக்கணக்கான மனித எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்ட மண்ணில், காணாமற்போன பிள்ளையின் படத்தோடு தாய்மார் இன்னும் காத்திருக்கும் மாவட்டத்தில், உல்லாசப் பயணம் ஒரு கேடா என்று என் நண்பர் ஒருவர் நேரடியாகவே கேட்டார். அவருடைய கோபத்தை மதிக்கிறேன்; வாதத்தை ஏற்கமாட்டேன். எங்கள் தலைமுறைக்கு வெளியே போவது என்றால் இடம்பெயர்வது. கடற்கரை என்றால் கடற்படை. சோதனைச்சாவடியும் பாசும் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஒரே பூகோளம், எங்கே போகக்கூடாது என்பது. அந்தப் பூகோளத்தையே பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போவது துக்கம் காப்பதாகாது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். புத்தளத்தில் பிறந்து, எருக்கலம்பிட்டியையும் முசலியையும் பெற்றோர் சொன்ன கதைகளில் மட்டுமே கண்டு, பின்னர் திரும்பி வந்தவர்கள் அவர்களுள் பலர். ஊரைக் கால்களால் பழகிக்கொள்ள வேண்டிய தேவை அவர்களைவிட யாருக்கு அதிகம்?

நாம் அறியாத நிலத்தைப் பிறர் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுவி 2020 டிசம்பரில் 103.5 மெகாவாற் நிலையத்தைத் திறந்தவர்கள் எங்கே எவ்வளவு காற்று வீசும் என்பதை அறிவர். இல்மனைற் மணலுக்காகத் துளையிட வந்தவர்கள் எங்கே என்ன ஆழத்தில் இருக்கிறது என்பதை அறிவர். 2025இல் இவ்விரண்டுக்கும் எதிராக மக்கள் வாரக்கணக்காக வீதியில் இருந்தார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது என்பதே என் கருத்து. ஆயினும் அதைப் பற்றிப் பத்தி எழுதிய என்னைப் போன்றவர்கள், அந்தக் கடற்கரையில் கடைசியாக என்றைக்குக் காலாற நடந்தோம்?

பெறாமகனுக்கு அரிப்பைச் சொன்னேன். போய்வந்த அன்றிரவே அழைத்தான். நிழல் அறவே இல்லையாம். கொண்டுபோன தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டதாம். மலசலகூடத்துக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டி வந்ததாம். நல்ல மனிதர்கள், தேநீரும் கொடுத்தார்களாம். மூத்தவன் தொலைபேசியைப் பறித்து, நொக்ஸ் வந்த வழியாலே திரும்பி நடந்தால் அனுராதபுரம் போகலாமா என்று கேட்டான். போகலாம் என்றேன். தகப்பன் என்னைத் திட்டியது பின்னணியில் கேட்டது.

இதை வாசிக்கும் மன்னார்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லத்தக்க ஓர் இடம், அங்கே போகும் பஸ்ஸின் நேரம், தண்ணீரும் நிழலும் உண்டா என்ற விபரம் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். நான் சரிபார்த்து இங்கே வெளியிடுகிறேன். வங்காலைக்கு எந்த இடத்தில் இறங்குவது நல்லது என்பதை முதலில் யாராவது தெரிவியுங்கள். பங்குனி கழிந்தால் பறவைகள் போய்விடும்.