சொல் யாருக்கு ஊழியம் செய்கிறது?

இலக்கியத்தில் மொழிக்கு மொழியைத் தவிர வேறு நோக்கம் இல்லை என்ற வாதம் மீண்டும் மரியாதை பெற்று வருகிறது. சொல் சொல்லையே சுட்டுகிறதாம். அதற்கு வெளியே பொருள் தேடுகிறவன் நுட்பமற்றவனாம். நோக்கத்தோடு எழுதுகிறவன் வெறும் பிரச்சாரகனாம். இலக்கிய விழா மேடைகளில் இப்படிப் பேசப்படும்போதே, மொழி மதத்தின் மூச்சு, அதில் அயற்சொல் கலப்பது தீட்டு என்று வேறு மேடைகளில் முழங்கப்படுகிறது. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் போலத் தோன்றினாலும் செய்யும் வேலை ஒன்றுதான். மொழியை அதைப் பேசும் மனிதனிடமிருந்து பிரித்தெடுக்கிறார்கள்.

மனிதர் கூடி உழைக்கும் தேவையிலிருந்து பிறந்தது மொழி. சிந்தனை எங்கோ தனியே உருவாகிப் பிறகு சொல்லாடை உடுத்துவதில்லை. சொல்லிலேயே அது உருக்கொள்கிறது. 1950இல் ஸ்டாலின், மார் என்பாரின் கோட்பாட்டை மறுத்து, மொழி மேற்கட்டுமானம் அன்று, அது எல்லா வர்க்கங்களுக்கும் பொதுவானது என்று வாதிட்டார். அது சரியே. ஆயினும் 1929இலேயே வொலோஷினோவ் கண்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: பொதுவான அந்த மொழியின் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் வர்க்கங்கள் மோதுகின்றன. ஸ்டாலினோடு நிறுத்திக்கொண்டதால்தான் மொழிப் பிரச்சினையைப் பண்டிதர்களிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பது என் கருத்து.

இதனைப் பிரேம்சந்த் தம் எழுத்தால் விளக்கினார். உருதுவில் எழுதத் தொடங்கியவர் அவர். 1908இல் வெளிவந்த ‘சோஸ்-ஏ-வத்தன்’ கதைத் தொகுப்பை ஆங்கில அரசு பறிமுதல் செய்தது. பின்னர் இந்திக்கு வந்தார், உருதுவைக் கைவிடவில்லை. ‘கஃபன்’ கதை முதலில் உருதுவிலும் பிறகு இந்தியிலும் வெளிவந்தது. ஒரே மனிதர், ஒரே கிராமம், ஒரே பசி. எழுத்து மட்டும் இரண்டு. இந்தி இந்துவுக்கு, உருது முஸ்லிமுக்கு என்று பங்கு பிரிப்போர் அவரை எந்தப் பக்கம் வைப்பார்கள்?

1936 ஏப்ரலில் லக்னோவில் கூடிய முற்போக்கு எழுத்தாளர்களின் முதல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. அழகின் அளவுகோலையே மாற்ற வேண்டும் என்று அங்கே அவர் கேட்டார். அதே மாதத்தில், அதே நகரில்தான் அகில இந்திய கிசான் சபாவும் பிறந்தது. நிலத்தில் உழைப்பவன் அமைப்பாகத் திரண்டபோது, அவனுக்கு இலக்கியத்தில் என்ன இடம் என்ற கேள்வியும் எழுந்தது. இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. ‘கஃபன்’ தலித்துகளைச் சித்தரித்த விதத்தைத் தலித் விமர்சகர்கள் கடுமையாகக் கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நாம் தள்ளிவிடலாகாது. அளவுகோலை மாற்றச் சொன்னவரையும் அந்த அளவுகோலால் அளக்கத்தான் வேண்டும்.

இது பழங்கதை அன்று. மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்துப் பாதூர் நகராட்சிக் கட்டடத்தின் பெயர்ப்பலகையில் மராத்தியோடு உருதுவும் இருப்பது குற்றம் என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மொழி மதம் அன்று, உருது அந்நியமும் அன்று என்று 2025 ஏப்ரலில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011 கணக்கெடுப்பின்படி ஐந்து கோடிக்கு மேற்பட்டோரின் தாய்மொழி இம்மண்ணில் பிறந்தது என்பதை நீதிமன்றம் சொல்லித்தான் நிலைநாட்ட வேண்டியிருந்தது! அதே கணக்கெடுப்பில் போஜ்புரி பேசும் ஐந்து கோடிப் பேரும் இந்தியின் கணக்கிலேயே சேர்க்கப்பட்டார்கள். ஒன்றை வெளியே தள்ளுவது, மற்றொன்றை விழுங்குவது. இரண்டும் ஒரே அரசியலின் இரு கைகள்.

ஆளும் வர்க்கம் மொழியின் நோக்கத்தை ஒருநாளும் மறந்ததில்லை. 124ஏ பிரிவை நீக்கிவிட்டோம் என்று பெருமை பேசினார்கள். 2023 டிசம்பரில் மக்களவையில் உள்துறை அமைச்சர் கூறியது என்ன? ‘ராஜத்ரோகம்’ போய் ‘தேசத்ரோகம்’ வந்துவிட்டது என்றார். அரசனுக்கு எதிரான குற்றம் தேசத்துக்கு எதிரான குற்றமாயிற்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை அப்படியே நிற்கிறது. அதற்கு மாற்றான மூன்றாண்டுச் சிறை ஏழாண்டாக நீண்டிருக்கிறது. அரசனை எதிர்த்தவனுக்குக் குறைந்தபட்சம் மக்கள் தன் பக்கம் என்று சொல்லும் உரிமை இருந்தது. தேசத்தையே எதிர்த்தவன் என்று பெயர் சூட்டப்பட்டவன் யாரைத் துணைக்கு அழைப்பான்? சொல் சொல்லையே சுட்டுகிறது என்போர் இதற்கு விடை கூறட்டும்.

இதனினும் மென்மையான சொல் ஒன்று உண்டு. அதனால் நேரும் கேடோ மிகப் பெரிது. அங்கன்வாடி ஊழியர்க்கு இந்தியில் ‘மான்தேய்’ தருகிறார்கள். தமிழில் அது மதிப்பூதியம். மதிப்பைச் சொல்லில் கொடுத்துக் கூலியைக் கையிலிருந்து பறித்துக்கொண்ட சொல் இது. ஆஷா ஊழியரோ தன்னார்வலர். அவருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. தன்னார்வலருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் எதற்கு, வருங்கால வைப்பு நிதி எதற்கு? ஒரு சொல்லைக் கொண்டு இலட்சக்கணக்கான பெண்களின் உழைப்பைச் சேவையாக்கிவிட்டார்கள். இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது, செயலாகவில்லை. குஜராத்திலிருந்து வந்த வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மதிப்பூதியம் என்று பெயரிட்டாலும் பணிக்கொடைச் சட்டத்தின்படி அது ஊதியமே என்றது. ஒரு சொல்லின் பொருளை மாற்ற அந்தப் பெண்கள் எத்தனை ஆண்டு நீதிமன்றப் படியேறினார்கள் என்பதை, மொழி வெறும் விளையாட்டு என்பவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

தோழர்களே, நம் வீட்டையும் பார்ப்போம். ஆங்கில அறிக்கையின் வாக்கியத்தை எலும்பு முறியாமல் தூக்கிவந்து தமிழில் கிடத்துகிறோம். மூன்று வரிக்கு அப்பால் வினைமுற்று வருமுன்பே கிளைக் கூட்டத்தில் பாதிப் பேர் களைத்துவிடுகிறார்கள். கடினமான கருத்துக்குக் கலைச்சொல் தேவை. உபரி மதிப்பை வேறெப்படிச் சொல்வது? சிந்தித்த சோர்வுக்கும் மொழிபெயர்த்த சோர்வுக்கும் வேறுபாடு உண்டு. எளிமை என்ற பெயரில் கருத்தை நீர்த்துப்போகச் செய்வதை நான் கேட்கவில்லை. பிரேம்சந்த் எதையும் நீர்த்துப்போகச் செய்தவர் அல்லர்.

இன்னொன்று. நம் ஆர்ப்பாட்ட அட்டைகளிலும் ‘மதிப்பூதியத்தை உயர்த்து’ என்றே எழுதிச் செல்கிறோம். அடுத்த முறை அட்டை எழுதும் தோழர், தூரிகையைத் தொடுமுன் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘ஊதியம்’ என்று எழுதட்டும்.