இரும்பில் எழுதிய கணக்கு

விடியற்காலை நாலரை மணிக்கு ஊரப்பாக்கத்தில் இருப்பவர்களுக்கு அலாரம் தேவையில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் தென் மாவட்ட பஸ்கள் வரிசையாகக் கிளாம்பாக்கத்துக்குள் திரும்புகிற சத்தமே எழுப்பிவிடும். 2023 டிசம்பர் இறுதியில் அந்தப் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து இதுதான் அன்றாட சுப்ரபாதம்.

காது கொடுத்துக் கேட்டால் ஒரு வித்தியாசம் தெரியும். புது பஸ்களின் சத்தம் மழமழவென்று இருக்கும். பழைய பஸ்கள் 'கட கட கட' என்று தாளம் போட்டுக்கொண்டு வரும். புதிய வண்டியில் எவ்வளவு டீசல், எந்த நொடியில் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. பழைய வண்டியில் அதே வேலையைச் செய்வது எஞ்சின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் ஓர் இரும்புப் பெட்டி. மெக்கானிக்குகள் மொழியில் 'பம்ப்'.

அந்தப் பெட்டிக்கும், ஏலத்தில் கோடிக்கணக்கில் விலைபோகும் பழைய பந்தயக் கார்களுக்கும் ரத்த சம்பந்தம் உண்டு.

ஒரு சொட்டு, நொடிக்கு ஐம்பது முறை

எஞ்சினுக்கு வேண்டியது இரண்டே பொருள்கள்: காற்று, எரிபொருள். பெட்ரோல் எஞ்சினில் எடைக்கணக்கில் ஏறக்குறைய 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் சேர வேண்டும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் இழுக்காது, சூடேறும். கூடினால் கறுப்புப் புகை, பிளக்கில் கரி.

இந்தக் கலவையைப் பல காலம் செய்துவந்தது கார்புரேட்டர். குறுகலான குழாய் வழியே காற்று வேகமாகப் போகும்போது, பக்கத்துச் சிறு துளையிலிருந்து பெட்ரோலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். எளிமையானது, மலிவானது. ஆனால் எல்லா சிலிண்டருக்கும் சமமாகப் பரிமாறாது. கார் வேகமாக வளைவில் திரும்பினால், உள்ளே இருக்கும் சின்னப் பெட்ரோல் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பந்தயக்காரருக்கு அந்த நேரத்தில்தான் முழு சக்தியும் வேண்டும்!

அதற்கு மாற்றாக வந்ததுதான் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். உறிஞ்சட்டும் என்று காத்திராமல், அளந்து, அழுத்தி, உள்ளே பீய்ச்சுவது. அரை லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு சிலிண்டருக்கு முழு வேகத்தில் ஒரு தடவைக்குத் தேவைப்படுவது சுமார் ஒரு சொட்டு பெட்ரோல். நிமிடத்துக்கு 6,000 முறை எஞ்சின் சுழன்றால், அந்த ஒரு சொட்டை நொடிக்கு 50 தடவை அளந்து கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், வெறும் இரும்பால் இதைச் செய்தார்கள்.

துளை போட்ட வளையம்

டீசல் எஞ்சினுக்கான பம்பை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-ல் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அந்த நுட்பம் அடுத்து ஆகாயத்துக்குப் போனது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் இருந்தது. எதிரே வந்த பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரில் கார்புரேட்டர். ஜெர்மன் விமானி மூக்கைக் கீழே குத்திப் பாய்ந்தால் அவர் எஞ்சின் அசராது. துரத்திப் பாய்ந்த பிரிட்டிஷ் விமானியின் எஞ்சினோ அந்த நொடியில் மூச்சுத் திணறிவிடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் எகிறி இடம் மாறிப்போவதுதான் காரணம்.

இதற்குத் தற்காலிகத் தீர்வு கண்டவர் ஒரு பெண். பெயர் பியாட்ரிஸ் ஷில்லிங். அரசு விமான ஆய்வுக்கூடத்தின் எஞ்சினீயர். நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தை மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றிப் பதக்கம் வாங்கியவர். 1941-ல் அவர் செய்தது, நடுவில் துளை போட்ட ஒரு சின்ன உலோக வளையம். தேவைக்கு மேல் பெட்ரோல் பாய்வதை அது தடுத்தது. விமானத் தளங்களுக்கு நேரில் போய் அதைப் பொருத்தும் வேலையையும் அவரே முன்னின்று நடத்தினார். ஒரு வளையம் எத்தனையோ விமானிகளின் உயிரைக் காத்தது.

போர் முடிந்தது. 1954-ல் மெர்சிடிஸ் தன் பந்தயக் காருக்கும், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் கொண்ட 300 எஸ்.எல். காருக்கும் இதே இன்ஜெக்‌ஷனைக் கொடுத்தது. பந்தயக் கார் முதல் போட்டியிலேயே ஃபாஞ்சியோ கையில் வென்றது. 300 எஸ்.எல். எஞ்சின் 215 குதிரைசக்தி தந்தது. அதே குடும்பத்து 3 லிட்டர் எஞ்சின், கார்புரேட்டரோடு பெரிய செடானில் தந்தது 115.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. சாவியை அணைத்த பிறகும், எஞ்சின் சுற்றி ஓய்கிற வரை பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். அதனால் அந்தக் காருக்கு அடிக்கடி ஆயில் மாற்ற வேண்டியிருந்தது.

போர்ஷ 911 பந்தயக் கார்களின் பம்புக்குள் இன்னொரு அதிசயம். மேடும் பள்ளமுமாகச் செதுக்கிய ஒரு சின்ன இரும்புக் கட்டை. எஞ்சின் வேகம் கூடினால் அது ஒரு பக்கம் நகரும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்னொரு விதமாகத் திரும்பும். எந்த இடத்தில் எவ்வளவு மேடோ, அதற்கேற்ற அளவு பெட்ரோல். இன்று சிப்பில் எழுதுகிற கணக்கை அன்று இரும்பிலேயே எழுதிவைத்தார்கள்.

ஈரத்துணி வைத்தியம்

நம் ஊர்க் கதை வேறு. சென்னைக்கு வடக்கே ஷோலாவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வரும் வரை அதுதான் நம் வேகத் திருவிழா. அங்கே சீறிய ஃபியட்டிலும் அம்பாசடரிலும் இருந்தது கார்புரேட்டர். ஜெட்டை மாற்றி, காற்றுத் துளையைக் கூட்டிக் குறைத்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்துத்தான் வேகம் கூட்டினார்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் கலவை சரி, கரி என்றால் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. அதுதான் அன்றைய ஸ்கேன் ரிப்போர்ட்.

வீட்டுக் கார்களின் நிலையும் அதுதான். சித்திரை வெயிலில் ஃபியட் நடுரோட்டில் நின்றுவிட்டால், பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்த அப்பாக்களை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பதுதான் நோய். ஈரத்துணி அதற்கான சரியான விஞ்ஞானம்.

ஊரப்பாக்கத்துக்குத் தெற்கே சற்றுத் தூரத்தில் இருக்கும் மறைமலை நகரில், ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து யூகால் நிறுவனம் மாருதிகளுக்குக் கார்புரேட்டர் செய்தது. 2000-ல் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபோது பைக்குகளும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அன்று ஃபாஞ்சியோவுக்கு மட்டும் கிடைத்தது, இன்று பால் பாக்கெட் வாங்கப் போகும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-லிலேயே இருக்கிறது.

காது தேய்ந்தால் கலை தேயும்

அப்படியானால் மெக்கானிக்கல் பம்பின் கலை நம் ஊரில் இல்லவே இல்லையா? இருக்கிறது. அது பந்தயத் தடத்தில் இல்லை, நெடுஞ்சாலையோர டீசல் பம்ப் பட்டறைகளில் இருக்கிறது.

அங்கே கழற்றிய பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓட்டுவார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குமான டீசல் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் விழும். ஆறு குழாயிலும் மட்டம் ஒன்றாக வரும் வரை திருகித் திருகிச் சரிசெய்வார்கள். உள்ளே இருக்கும் 'எலிமெண்ட்' ஒரு ஜோடி: தண்டும் உறையும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஒன்றின் ஜோடியை இன்னொன்றோடு மாற்றிப் போட முடியாது. சம்பந்தம் செய்த பிறகு மாப்பிள்ளையை மாற்ற முடியாதது போல!

2020-க்கு முன் வந்த பஸ், லாரிகளில் பலவற்றில் இந்தப் பம்ப் இன்னும் ஓடுகிறது. அவை ஓய்ந்தால் இந்தக் கை வேலையும் ஓயும். புது வண்டிக்கு லேப்டாப் போதும். அதை நொந்துகொள்ளவும் முடியாது. புகை குறைந்திருக்கிறது, மைலேஜ் கூடியிருக்கிறது, வண்டலூரில் சிக்னலுக்கு நிற்பவர்களின் நுரையீரல் தப்பித்திருக்கிறது. ஆனால் சத்தத்தைக் கேட்டே 'மூணாவது நாசில் அடைச்சிருக்கு' என்று சொல்லும் காது எந்த லேப்டாப்பிலும் டவுன்லோடு ஆகாது. பழைய கார்களைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் காப்பாற்ற வேண்டியது அந்தக் காதுகளைத்தான். ஒரு பையன் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டால், ஒரு தலைமுறைக்குக் கவலையில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு

* இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். கார்புரேட்டர் வண்டியின் ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

* மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்களா? கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைக்கும்.

* முடிச்சூர், வரதராஜபுரம்வாசிகளுக்கு 2015 டிசம்பர் மறந்திருக்காது. வெள்ளத்தில் நின்ற வண்டியை 'ஒரு தடவை பார்க்கலாமே' என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்கில் தண்ணீர் புகுந்திருந்தால் பம்ப் எலிமெண்ட் துருவேறிக் கெட்டுவிடும். முதலில் டேங்க்கையும் ஃபில்டரையும் வடிக்க வேண்டும்.

நாளைக் காலை 'கட கட' சத்தத்தில் விழிப்பு வந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு சிலிண்டருக்கும் சமமாகப் பரிமாறும் ஓர் இரும்புக் கை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. இன்னும் எத்தனை வருடம் கேட்குமோ அந்தச் சத்தம்!