ஃபார்மாட் அடிக்கும் முன் ஒரு நிமிஷம்

மக்களே, ரெண்டு வாரமாக ஆளைக் காணோம், ஆபீஸில் ஆணி அதிகம் போல என்று நினைத்திருப்பீர்கள். ஆணி என்றைக்கும் உள்ளதுதான். காரணம் அதுவல்ல. வீட்டுப் பொட்டி படுத்துவிட்டது.

ஐப்பசி மாசம் கரமனையில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எந்த வேலையும் தொடங்க வேண்டும். துலாவர்ஷம் என்று இவர்கள் சொல்கிற மழை நம்ம கும்பகோணம் பக்கத்து அடைமழை மாதிரி கிடையாது. முதலில் இடி, அப்புறம் கரண்ட் போகும், கடைசியில்தான் மழை. எங்கள் மடிக்கணினி 2016-இல் வாங்கியது. பேட்டரி செத்து மூன்று வருஷம் ஆகிறது. பிளக்கில் சொருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். அன்றைக்கு அணைக்கும்போது "அணைக்காதீர்கள்" என்று வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சரியாக அந்த நேரத்தில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு இடி. தெருவே இருட்டு.

மறுநாள் காலை கம்பெனி சின்னம் வந்தது. அதற்குக் கீழே புள்ளிகள் சுற்றின. பிறகு நீலத் திரை, 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று ஒரு வரி. அது தன்னைத்தானே சரி செய்து, தோற்று, மறுபடி ஆரம்பித்து, மறுபடி தோற்றது. நாலு தடவை பார்த்துவிட்டுப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைப் பையன் நல்லவன். மூடியைத் திறந்தான், இரண்டு நிமிஷம் பார்த்தான், மூடினான். "ஒந்நும் பேடிக்கண்டா சாரே, ஃபார்மாட் செய்து தராம். வைகுந்நேரம் வந்நு எடுத்தோளூ" என்றான். உள்ளே இருக்கிற ஃபைல் எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். "பேக்கப் இல்லே?" என்று திருப்பிக் கேட்டான்.

இருபது வருஷமாக வங்கியில் இருக்கிற ஒருவனைப் பார்த்து இந்தக் கேள்வி!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லாக் கிளைகளும் ஒரே கணினி அமைப்பில் இணைவதற்கு முன்னால், தினமும் கணக்கு முடித்ததும் டேப்பில் பிரதி எடுத்து, ஒன்றைக் கிளையின் இரும்புப் பெட்டியிலும் இன்னொன்றைப் பக்கத்துக் கிளையிலும் வைக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. இப்போது அதையெல்லாம் தலைமையகமே பார்த்துக்கொள்கிறது. ஒரு ஊரில் டேட்டா சென்டர், பூகம்பமோ வெள்ளமோ வந்தாலும் இரண்டும் சேர்ந்து போய்விடாதபடி இன்னொரு ஊரில் அதன் மாற்று. அவ்வப்போது ஒத்திகை வேறு. ஊரார் பணத்துக்கு இத்தனை காபந்து. சொந்த வீட்டு ஃபைலுக்கு? ஒரே ஒரு தட்டு, அதுவும் பேட்டரி செத்த பொட்டிக்குள். தங்கமணி அன்று முழுக்க என்னிடம் அதிகம் பேசவில்லை :-)

உள்ளே என்ன இருந்தது என்றால், போட்டோக்களைச் சொல்லவில்லை. பெரும்பாலானவை போனிலும் இருக்கின்றன. அப்பா எழுதிய அறுபத்தேழு பக்கம். குலதெய்வம் கோயிலுக்கு எந்த ஊரில் இறங்கி எந்த வாய்க்கால் ஓரமாக நடக்க வேண்டும், எந்த வயலை யார் எந்த வருஷம் யாருக்கு விற்றார்கள், தாத்தா யாரிடம் கைமாற்று வாங்கினார், திருப்பிக் கொடுத்தாரா இல்லையா, எல்லாம் தேதி போட்டு. அப்பா 2019-இல் போய்விட்டார். அந்த 67 பக்கத்துக்கு வேறு பிரதி கிடையாது.

கடையில் கொடுக்காமல் பொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்தப் பதிவை எழுதுவதே அந்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான்.

விண்டோஸ் எழவில்லை என்பதும் தட்டு போய்விட்டது என்பதும் வேறு வேறு விஷயம். முன்வாசல் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவோமா? ஃபார்மாட் என்பது கிட்டத்தட்ட அதுதான். கடைக்காரரைக் குறை சொல்லியும் பயனில்லை. ஃபைலை மீட்டுத் தரப் பாதி நாள் ஆகும், ஃபார்மாட்டுக்கு ஒரு மணி நேரம் போதும், நாமும் இரண்டுக்கும் ஒரே கூலிதான் கொடுப்போம் என்றால் அவர் எதைச் செய்வார்?

2024 ஜூலை 19-ஆம் தேதி ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவில் பத்து வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சின்னச் சின்ன இடைஞ்சல் மட்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அன்றைக்கு அந்த 85 லட்சம் பொட்டியையும் ஃபார்மாட் அடித்தா சரி செய்தார்கள்? சேஃப் மோடில் ஏறி, ஒரே ஒரு ஃபைலை அழித்தார்கள். பொட்டி பொட்டியாக உட்கார்ந்து கையால் செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் கஷ்டம். விஷயம் தெரிந்தவர்கள் ஃபார்மாட்டைக் கடைசியில்தான் நினைப்பார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். வழி காட்டியது பெரியவள். பத்தாம் வகுப்பு, இங்கே ஸ்டேட் சிலபஸ். "அப்பா, ஸ்கூல்ல இருக்கிற லினக்ஸைப் பென்டிரைவில் போட்டு பூட் பண்ணிப் பாக்கலாமே" என்றாள், உப்பு போட்டாச்சா என்று கேட்கிற தொனியில்.

கேரளப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் இந்தியா 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து தொடங்கிவைத்தது இதே திருவனந்தபுரத்தில்தான். அதே ஆண்டு ஆரம்பித்த ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் மெல்ல மெல்லப் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. அலுவலகம் பூஜப்புரையில், எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் இந்த இயங்குதளம் போவதால் 3000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-இல் சொன்னார்கள். அந்தக் கோடிக் கணக்கைச் சரிபார்க்க நான் ஆளில்லை. ஆனால் நீலத் திரையைப் பார்த்துப் பயப்படாத ஒரு பதினைந்து வயசுப் பெண் வீட்டில் இருப்பதை எந்த லெட்ஜரில் எழுதுவது? நம் ஊரிலும் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டில் இருந்த காலத்தில் லினக்ஸுக்கு மாறினார்கள். அது பள்ளிப் பாடமாக ஊன்றவில்லை என்பது என் ஆதங்கம்.

தங்கமணியின் ஆபீஸ் கணினியைத் தொட அனுமதியில்லை என்பதால் மாடி வீட்டுக்காரர் கணினியில் லினக்ஸைத் தரவிறக்கி, எட்டு ஜிபி பென்டிரைவில் ஏற்றினோம். (அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். காலி பென்டிரைவாக எடுங்கள்.) முதலில் எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய், தட்டின் பெயர் தெரிகிறதா என்று பார்த்தோம். தெரிந்தது. அங்கேயே தெரியவில்லை என்றால் எந்த இயங்குதளத்தை நிறுவியும் பிரயோஜனமில்லை, சிக்கல் தட்டில் அல்லது இணைப்பில். தட்டு 'டக் டக்' என்று சத்தம் போட்டால் உடனே அணைத்துவிடுங்கள். ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் சேதம்தான்.

பிறகு பென்டிரைவிலிருந்து பூட் செய்து, 'இன்ஸ்டால்' இல்லை, 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுத்தோம். தட்டைத் தொடாமல் லினக்ஸ் நினைவகத்திலேயே ஓடும். விண்டோஸ் சரியாக மூடப்படாததால் படிக்க மட்டும் விடுவேன், எழுத விட மாட்டேன் என்றது. நமக்கு அதுவே போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. எல்லா ஃபோல்டரும் அப்படியே இருந்தன. வெளித் தட்டுக்கு நகலெடுத்து முடிக்க ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் மட்டும் இந்த வழியில் வராது. அவற்றை விண்டோஸ் லாகினோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கும்.

எங்கள் அதிர்ஷ்டம், பழைய பொட்டி, தட்டு பூட்டப்படவில்லை. புது மடிக்கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இப்போதைய விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பெரும்பாலும் தட்டு தானாகவே பூட்டப்படுகிறது. திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும். எங்கள் வங்கி லாக்கர் மாதிரிதான். மாஸ்டர் சாவி எங்களிடம், உங்கள் சாவி உங்களிடம், ஒன்று இல்லாவிட்டால் திறக்காது. வித்தியாசம், லாக்கர் சாவி தொலைந்தால் சாட்சி வைத்து ஆள் கூட்டி உடைப்போம். இதை உடைக்க ஆளில்லை. என் சக அதிகாரி ஒருவருக்குப் போன வருஷம் இதுதான் நடந்தது. பொட்டி வாங்கிய அன்று கடையிலேயே "எல்லாம் ரெடி பண்ணித் தருகிறோம்" என்று கடைப் பையன் தன் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்திருக்கிறான். சாவி அந்தக் கணக்கில். பையன் கடையை விட்டுப் போய் ஒரு வருஷம். எந்த மின்னஞ்சல் என்று கடைக்கும் தெரியவில்லை. போனது போனதுதான். இன்றைக்கே உங்கள் கணக்கில் நுழைந்து அந்த 48 எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பாஸ்புக்கோடு வையுங்கள்.

இன்னொன்று. பழைய சுழல் தட்டில் தவறுதலாக ஃபார்மாட் அடித்தாலும் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளால் ஓரளவு தோண்டி எடுக்கலாம். இப்போதைய எஸ்.எஸ்.டி.யில் அழித்த இடத்தை அதுவே பின்னணியில் துடைத்துவிடும். அழித்தபின் மீட்பது அநேகமாக நடக்காத காரியம்.

நகலெடுத்த சந்தோஷத்தில் அப்பாவின் ஃபைலைத் திறந்தேன். ஒரு வரி தமிழ் இல்லை! ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக அறுபத்தேழு பக்கம். வயிற்றைக் கலக்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, அப்பா அடித்தது பாமினி எழுத்துருவில். அவர் அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். பாமினியின் விசைகள் அந்தத் தட்டச்சுப் பொறியை ஒட்டியவை என்பதால் கடைசி வரை வேறு எதையும் தொடவில்லை. யூனிகோட் பற்றி நான் சொன்னபோதெல்லாம் "எனக்குக் கை பழகினது இது" என்று முடித்துவிடுவார். எழுத்துரு இல்லாத கணினியில் 'அப்பா' என்ற சொல் எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, எச் என்றுதான் தெரியும்.

ஆகவே நகலெடுக்கும்போது டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் மட்டும் போதாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதையும் எடுங்கள். 2010-க்கு முன் ஊரில் டி.டி.பி. கடையில் அடித்த ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, பாட்டு நோட்டு இருப்பவர்கள் எல்லோரும். அப்புறம் சாவகாசமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். நியூ ஹொரைசன் மீடியாவின் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்கு தமிழ் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதானே.

அதற்கப்புறம்தான் மறுநிறுவல். அதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. விண்டோஸே வேண்டும் என்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பின் விண்டோஸோடு விற்ற மடிக்கணினிகளில் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை நிறுவினால் தானாக எடுத்துக்கொள்ளும். கடையில் 'கிராக்' போட்டுக்கொள்ள அவசியமே இல்லை. அதோடு நெட்பேங்கிங் செய்வது, வாசலைத் திறந்து போட்டுவிட்டு நகையை எண்ணுகிற மாதிரி. எங்கள் பொட்டியின் பிராசசர் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை, விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பெரியவள் சொன்னபடி லினக்ஸையே போட்டுவிட்டோம். நான் ஒன்றும் லினக்ஸ் பக்தன் இல்லை, ஆபீஸில் நாள் முழுக்க விண்டோஸ்தான். ஆனால் பழைய பொட்டி முன்னைவிட வேகமாக எழுகிறது. தமிழ் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99-க்குப் பக்கத்தில் பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. அப்பா பார்த்திருந்தால் யூனிகோடுக்குச் சம்மதித்திருப்பாரோ என்னவோ.

அறுபத்தேழு பக்கமும் இப்போது யூனிகோடில். ஒரு பிரதி இங்கே பீரோவில், ஒன்று இணையத்தில், ஒன்று கும்பகோணத்தில் அண்ணாவிடம். அனுப்பி மூன்றாம் நாள் அண்ணா போன் பண்ணினான். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் 1974-இல் தாத்தா வாங்கிய அறுநூறு ரூபாய் கைமாற்று திருப்பித் தரப்படவில்லை என்று அப்பா எழுதியிருப்பது தப்பாம், தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூடப் போய்க் கொடுத்துவிட்டு வந்தானாம். "நீதான் பேங்க்காரன் ஆச்சே, அந்தக் கணக்கை மாத்து" என்கிறான். மாற்றவில்லை. அவன் சொன்னதை அடிக்குறிப்பாக, தேதி போட்டுச் சேர்த்திருக்கிறேன்.