தேரிக்காட்டுக்குப் போவோம், ஆனா ஜீப்பு வேண்டாம்!



இந்த வருஷச் சுற்றுலா எங்கேன்னு கேட்டு வகுப்புக்கு ஒரு தாள் வந்துச்சு இல்லையா? எங்க வகுப்புத் தாளில் பாதிப் பேர் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா என்று எழுதியிருந்தாங்க. அது எல்லா வருஷமும் வர்றதுதான். ஆனா இந்தத் தடவை புதுசா ஒரு கோஷ்டி "பாலைவன சஃபாரி, ஒரு நாள் முழுக்க, மணல்மேட்டில் ஜீப்பு" என்று எழுதி வச்சிருக்கு. காரணம் கேட்டா ஒரு ரீல்ஸ் காட்டுறாங்க. செவப்பு மணல்ல ஒரு வண்டி ஏறுது, இறங்குது, மணல் விசிறி மாதிரி பறக்குது. "துபாய் இல்லடா, திருச்செந்தூர் பக்கம்"னு பெருமையா வேற சொல்றாங்க.

திருச்செந்தூர் பக்கம் என்பது உண்மைதான். தூத்துக்குடி மாவட்டத்தில் குதிரைமொழித் தேரி, காயாமொழி, தேரிக்குடியிருப்பு, இன்னும் சாத்தான்குளம் வரைக்கும் செம்மணல் மேடுகள் கிடக்கு. அங்கே போகணும் என்பதுல எனக்கு மறுப்பே இல்லை. நான்கூட அதுக்குத்தான் ஓட்டு. ஜீப்பு விஷயத்துலதான் சண்டை.

முதல்ல இந்த மணல் ஓட்டம் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்குவோம். எங்க சித்தப்பா துபாயில் ஒன்பது வருஷமா இதே வேலைதான் பார்க்கிறார். நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவுல இருக்கிறது அதிசயம் இல்லை, ஆனா சஃபாரி வண்டி ஓட்டுறவங்க கொஞ்சம் பேர்தான். போன லீவுல வந்தப்ப திண்ணையில உக்காந்து நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்.

காலையில ஹோட்டல் ஹோட்டலா போய் ஆளுங்களை ஏத்திக்கிட்டு, மணல் ஆரம்பிக்கிற இடத்துல வண்டியை நிறுத்துவாங்களாம். அங்கே முதல் வேலை டயர்ல காத்தைக் குறைக்கிறது. வழக்கமா முப்பதுக்கு மேல இருக்கிற காத்தைப் பாதியா இறக்கிடுவாங்க. ஏன்? அழுத்தம் என்பது விசையை பரப்பால் வகுத்தால் வருவதுன்னு அறிவியல் சார் நடத்தினார் இல்லையா, அதேதான். காத்து குறைஞ்சா டயர் தட்டையாகி மணல்ல அதிகப் பரப்புல படியும். வண்டி புதையாது. ஒட்டகத்தின் பாதம் அகலமா இருக்கிறதும் இதே கணக்கு. (தேர்வுல இந்தக் கேள்வி வந்தா எனக்கு நன்றி சொல்லுங்க.)

அப்புறம் மணல்மேட்டைப் படிக்கத் தெரியணும். காத்து வர்ற பக்கம் சரிவு மெதுவா, கெட்டியா இருக்கும். மறுபக்கம் செங்குத்தா, பொலபொலன்னு இருக்கும். காய்ந்த மணல் சுமார் 34 டிகிரிக்கு மேல நிக்காது, சரிஞ்சிடும். மேட்டு உச்சியில ஏறுற வரைக்கும் அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஓட்டுறவருக்கே தெரியாது. வேகம் குறைஞ்சா ஏறாது, கூடினா பறந்துடும். இறங்கும்போது நேரா இறங்கணும், குறுக்கே திரும்பினா வண்டி உருண்டுடும். "மணல்ல படக்குன்னு பிரேக் போடவே கூடாதுடா தம்பி. முன் சக்கரம் புதைஞ்சிடும், அவ்வளவுதான், மம்முட்டியை எடுக்க வேண்டியதுதான்" என்றார். இதுக்குத் தனிப் பயிற்சி, தனி உரிமம் எல்லாம் உண்டு. கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரங்களை ஏத்த மாட்டாங்க. வயிறு நிறைய சாப்பிட்டு வர்றவங்க கதி என்னன்னு நான் எழுத வேண்டாம், தலைமையாசிரியரும் இதைப் படிக்கிறார்.

ஒரு நாள் முழுக்கன்னு சொல்றாங்களே, அதுல இந்த மேடு ஏறி இறங்குறது எவ்வளவு நேரம்னு கேட்டேன். அரை மணி, மிஞ்சினா முக்கால் மணியாம்! மீதியெல்லாம் ஒட்டகம், பலகையில சறுக்குறது, மருதாணி, கூடாரத்துல சாப்பாடு, பாட்டு, ஆட்டம். "பாலைவனத்தைப் பார்த்தவங்க ரொம்பக் கம்மி. விடியக்காலையில மணல்மேல வண்டு நடந்த தடம், பல்லி ஓடின தடம், நரி வந்துட்டுப் போன தடம் எல்லாம் எழுத்து மாதிரி இருக்கும். அதைக் காட்டலாம்னா யாரும் வண்டியை விட்டு இறங்க மாட்டாங்க" என்று சித்தப்பா சொன்னார். அவர் குறையா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குத்தான் அது மனசுல தங்கிப்போச்சு.

சரி, துபாய்ல ஓட்டுறாங்களே, இங்கே ஓட்டினா என்னன்னு கேப்பீங்க. "மணல்தானே, காத்தடிச்சா தடம் மறைஞ்சிடும்"னு என் பக்கத்து பெஞ்சு நண்பன் வாதாடினான். இங்கதான் விஷயமே இருக்கு.

துபாய்ல வண்டி ஓட்டுற மேடுகள் பெரும்பாலும் செடி கொடி அதிகம் இல்லாம நகர்ந்துக்கிட்டே இருக்கிற மேடுகள். இன்னைக்கு ஓட்டின தடத்தைக் காத்து அழிச்சிடும். தேரி அப்படி இல்லை. அது ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி காத்து கொண்டுவந்து குவிச்ச பழைய மேடு. மணலுக்கு அந்தச் செவப்பு வந்ததே, ஒவ்வொரு துகள் மேலயும் இரும்பு ஆக்சைடு பூச்சு மாதிரி படிஞ்சதாலதான். இப்ப அது மேல பனை, உடை, முந்திரி எல்லாம் வேர் பிடிச்சு நிக்குது. 19-ஆம் நூற்றாண்டில் தேரி மணல் நகர்ந்து பக்கத்து நிலங்களை மூடுறது பெரிய தொல்லையா இருந்திருக்கு. மரங்கள் வேர் விட்டுப் பிடிச்சதாலதான் மணல் அடங்கியிருக்கு. வண்டிச் சக்கரம் அந்த வேரை அறுத்தா என்ன ஆகும்? ஆடி மாசக் காத்து மிச்ச வேலையைப் பார்த்துக்கும். நம்ம வாய்க்கால் கரையில தினம் மாடு இறங்குற இடம்தானே வெள்ளம் வந்தா முதல்ல உடையுது? அதே கதைதான், தண்ணிக்குப் பதிலா காத்து.

இன்னொண்ணு. அந்த மணலுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடாரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பத்தி வரலாற்றுப் பாடத்துல படிச்சிருக்கோம். அவரே நிலவியல் ஆய்வுக்காகத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து தேரிகளைப் பத்தி 1883-ல் எழுதியிருக்கார். அப்புறம் 1956-ல் சாய்னர், ஆல்சின் என்ற ரெண்டு அறிஞர்கள் தேரியில கிடைச்ச நுண்கற்கருவிகளைப் பத்தி 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் ஒரு பெரிய கட்டுரையே வெளியிட்டாங்க. நுண்கற்கருவின்னா நகம் அளவு, விரல் நுனி அளவு கல் சில்லுகள். அம்பு முனையிலயும் கத்தியிலயும் பதிச்சு வேட்டைக்குப் பயன்படுத்தினது. வேட்டைக்காரர் உக்காந்து கல்லை உடைச்ச இடத்துலயே அது கிடக்கும். எந்த மண் அடுக்குல, எது பக்கத்துல எது கிடக்குதுன்னு பார்த்துத்தான் காலத்தைக் கணிக்கிறாங்க. நாலு சக்கரம் சுத்திக் கிளறின இடத்துல அந்தக் கணக்கு போச்சு. திரும்ப அடுக்கி வைக்க முடியாது.

ஆந்திராவுல விசாகப்பட்டினம் பக்கத்துல இதே மாதிரி செம்மணல் மேடு ஒண்ணு உண்டு, எர்ர மட்டி திப்பலுன்னு பேர். 2025-ல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்திருக்கு. அவங்க அதைப் பட்டியல்ல ஏத்துறாங்க, நாம நம்மளதுல ஜீப்பு ஏத்த ஆசைப்படுறோம்.

துபாயைத்தான் உதாரணமா காட்டுவேன்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு ஒரு செய்தி. அங்கேயே 225 சதுர கிலோமீட்டரைத் துபாய் பாலைவனப் பாதுகாப்பகம்னு ஒதுக்கி, அரேபிய ஆரிக்ஸ் மான்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்காங்க. அதுக்குள்ள நினைச்ச நிறுவனம் எல்லாம் நினைச்ச இடத்துல ஓட்ட முடியாது. ராஜஸ்தான்ல ஜெய்சல்மேர் பக்கத்துல சம் மணல்மேட்டுலயும் ஜீப் சஃபாரி பிரபலம். அந்தப் பக்கம்தான் கானமயிலின் கடைசி இருப்பிடம். அது தரையில ஒரே ஒரு முட்டை இடுற பறவை. மணல் நிறத்துல கிடக்கிற முட்டை ஓட்டுற ஆளுக்குத் தெரியுமா?

நம்ம வீட்டுப் பக்கமே வருவோம். மணல்னா நமக்கு ஆத்து மணல், வீடு கட்ட யூனிட் கணக்குல வர்றது. மேடுன்னா நமக்குச் சாதாரணமாத்தான் தெரியும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தப்ப நாம யாரும் பொறந்திருக்கல. ஆனா தரங்கம்பாடி பக்கம் சொந்தக்காரங்க இருக்கிறவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. அப்போ நாம இருந்தது நாகப்பட்டினம் மாவட்டம். தமிழ்நாட்டிலேயே அதிக உயிர் போனது இந்த மாவட்டத்துலதான், ஆறாயிரத்துக்கும் மேல. கரையில மணல்மேடு உயரமா நின்ன இடங்கள்ல தண்ணி உள்ளே வந்த தூரம் குறைஞ்சது. மேடு கரைஞ்சு போன இடத்துல நேரா வந்துச்சு. கடற்கரை ஒழுங்குமுறை விதிகள்ல மணல்மேடுகளை அதிகப் பாதுகாப்பு தேவைப்படுற முதல் வகுப்புல வச்சிருக்கிறது சும்மா இல்லை. தேரி கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்குன்னு சொல்லலாம், சரி. ஆனா மேட்டுல வண்டி ஏத்தி விளையாடுறது ஒரு தடவை பழக்கமாயிட்டா அது தேரியோட நிக்காது, கோடியக்கரைப் பக்கமும் வரும்.

எதிர்வாதத்துல எனக்கு நியாயமாப் படுறது ஒண்ணே ஒண்ணுதான். வண்டி வந்தா அந்த ஊர்க்காரங்களுக்கு வருமானம் வருமே? வரும். எங்க சித்தப்பா குடும்பமே அந்த வருமானத்துலதான் நிக்குது, அதனால இதை நான் லேசா ஒதுக்க மாட்டேன். ஆனா ஜீப்பு வாங்கி ஓட்டப்போறது வெளியூர் முதலாளி. உள்ளூர்ல தேரியின் ஒவ்வொரு மேடும் தெரிஞ்சவங்க பனையேறிகள். பதநீர் சீசன் முடிஞ்ச மாசங்கள்ல அவங்களுக்கு வேலை குறைவு. அந்த மாசங்கள்ல நம்மள மாதிரிப் பள்ளிக்கூடங்கள் போய், வழி காட்ட அவங்களைக் கூப்பிட்டு, அதுக்கு முறையா சம்பளம் கொடுத்தா பணம் அங்கேயே தங்கும். வழிகாட்டி இல்லாமப் போறதும் தப்பு. உள்ளே போயிட்டா எல்லாப் பக்கமும் ஒரே செவப்பு, ஒரே பனை, திசை தெரியாது. குதிரைமொழித் தேரியில காப்புக்காடு இருக்கிறதால வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கணும். அதை நம்ம தேசிய பசுமைப் படை சார் பார்த்துக்குவார்னு நம்புறேன்.

நடக்க முடியாத நண்பர்கள் என்ன செய்வாங்கன்னும் யோசிச்சேன். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவில் வரைக்கும் தார் ரோடு இருக்கு. பேருந்து வாசல்லயே நிக்கும், அங்கிருந்தே மணல் ஆரம்பம். அந்தக் கோவில்லதான் கார்த்திகை கடைசியில கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்குது. தேரியில நடக்கிற அந்தச் சடங்கு முடிஞ்சதும் சனங்க செம்மண்ணை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவாங்க. காயாமொழிப் பக்கம் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில்ல மணலுக்கு நடுவுல நல்ல தண்ணிச் சுனையே இருக்கு. மழைத் தண்ணியை மேடு குடிச்சு வச்சு மெதுவா அடியில விடுது. ஆத்துப் பாசனம் மட்டுமே பார்த்து வளர்ந்த நாம, ஆறு இல்லாத ஊர்ல தண்ணி எப்படிக் கிடைக்குதுன்னு பார்க்க வேண்டாமா?

ஐந்திணைன்னு மனப்பாடம் செய்றோம், பாலைக்கு மணலும் மணல் சார்ந்த இடமும்னு எழுதி ஒரு மதிப்பெண் வாங்குறோம். மருதத்துலயே பொறந்து வளர்ந்த நமக்கு அந்த நிலத்தைக் கால்ல தொட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு. (2016-ல் தென்தமிழ்நாட்டுல இருந்து புதுசா அடையாளம் கண்ட ஒரு விசிறித்தொண்டை ஓணானுக்கு அறிவியல் பேரே 'சிட்டானா மருதம்நெய்தல்'. நம்ம திணைப் பேர் ஓணானுக்குப் போயிடுச்சு!)

என் யோசனை இதுதான். அரையாண்டுத் தேர்வு லீவுல போகலாம். மயிலாடுதுறையில ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில திருச்செந்தூர். முருகனைக் கும்பிட்டுட்டு எட்டு மணிக்குள்ள தேரிக்குப் போயிடணும், வெயில் ஏறினா மணல் சுடும். பத்தரை வரைக்கும் நடை. பகல்ல சுனைக் கோவில்ல நிழல், கட்டுச்சோறு. நாலு மணிக்கு மறுபடி ஒரு நடை, பொழுது சாயறப்ப செவப்பு இன்னும் கூடும்னு சொல்றாங்க. டிசம்பர்ல பதநீர் கிடைக்காது, அது ஒண்ணுதான் எனக்கு வருத்தம். கருப்பட்டி கிடைக்கும்.

டிக்கெட் போடும்போது ஒரு சின்ன விண்ணப்பம். விண்ணப்பத் தாளில் "குத்தாலம்" என்று தெளிவா எழுதுங்க. நாம திருநெல்வேலிப் பக்கம் போறோம், அங்கே எல்லாரும் "குற்றாலமா, அருவியில தண்ணி விழுதா?"ன்னுதான் கேப்பாங்க.

சாக்ஸ் போட்ட ஷூ, தொப்பி, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி அவசியம். மணல்ல கல் சில்லு கிடந்தா எடுத்துப் பையில போடாதீங்க, வரலாறு சாரைக் கூப்பிடுங்க. வர்றேன்னு சொல்றவங்க, ஜீப்பு இல்லாட்டி வரமாட்டேன்னு சொல்றவங்க, ரெண்டு பேருமே இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கிற வெள்ளைக் காகிதத்துல பேரும் காரணமும் எழுதுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைச் சாரிடம் கொடுக்கப்போறேன்.

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்