77-வது நிமிஷம்

கும்பப்பூ அறுப்பு முடிஞ்சு வைக்கோலும் கட்டி ஏத்தியாச்சு. இனி வயல் காய வேண்டியதுதான். காஞ்சா நம்ம ஊர் செவன்ஸ். அதுக்கான கமிட்டிக் கூட்டம் போன ஞாயித்துக்கிழமை நடந்துச்சு. அங்கே நான் ஒழுங்காப் பேசல, கோவத்துல எந்திரிச்சு வந்துட்டேன். சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிடறேன்.

கமிட்டியோட திட்டம் இதுதான். பரிசுத் தொகையைக் கூட்டணும், வெளியூர்ல இருந்து நல்ல ஆட்டக்காரங்களைக் காசு கொடுத்து இறக்கணும். அந்தப் பணத்துக்காக மேற்கு வரப்பு முழுக்க நாற்காலி போட்டு ஆளுக்கு 200 ரூபாய் டிக்கெட். சானல் கரையில உக்காந்து யாரும் சும்மா பாத்துடக் கூடாதாம், அங்கே பச்சை வலை கட்டி மறைக்கணுமாம்.

சானல் கரையில உக்காருறது யாரு? நடவுக்கும் களைக்கும் வர்ற பொம்பளைங்க, பள்ளிக்கூடப் பசங்க, பல்லு போன பெரியவங்க. நம்ம பையன் பந்தைத் தொட்டாலே தகர டப்பாவை அடிச்சு ஊரைக் கூட்டுறவங்க. "அவங்க சத்தம் இல்லாம நம்ம டீம் ஜெயிக்காது"ன்னு சொன்னேன். "அண்ணே, கூட்டமா கோல் போடுது?"ன்னு ஒரு தம்பி கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க.

தம்பி, அன்னைக்கு நீ லிவர்பூல் பனியன் போட்டிருந்த. உன் கேள்விக்குப் பதில் அந்த ஊர்லயே இருக்கு.

2016 பிப்ரவரி 6. லிவர்பூலோட ஆன்ஃபீல்ட் மைதானத்துல சண்டர்லாந்தோட ஆட்டம். அந்த வாரம்தான் கிளப் முதலாளிங்க, அடுத்த சீசன்ல உசந்த டிக்கெட் 77 பவுண்டுன்னு அறிவிச்சிருந்தாங்க. நம்ம பணத்துக்கு அப்போ 7,000 ரூபாய்க்கு மேல. அன்னைக்கு லிவர்பூல் 2-0ன்னு முன்னால இருந்துச்சு. சரியா 77-வது நிமிஷத்துல ரசிகர்கள் ஆயிரக்கணக்குல எந்திரிச்சு வெளியே நடந்துட்டாங்க. அடுத்து நடந்ததைப் பாரு. கடைசி இடங்கள்ல தத்தளிச்சிட்டிருந்த சண்டர்லாந்து 82-வது நிமிஷத்துல ஒண்ணு, 89-வது நிமிஷத்துல ஒண்ணு போட்டு 2-2ன்னு சமன் பண்ணிடுச்சு.

கூட்டம் போனதாலதான் கோல் விழுந்துச்சுன்னு கோர்ட்டுல நிரூபிக்க முடியாது, சரிதான். ஆனா முதலாளிங்களுக்குப் புரிஞ்சுது. நாலே நாள்ல விலையேத்தத்தை வாபஸ் வாங்கி மன்னிப்பும் கேட்டாங்க.

ஒரே ஒரு ஆட்டத்தை வச்சுப் பேசாதீங்கன்னு சொல்லுவ. சரி, ஒரு சீசனையே எடுத்துக்குவோம். கொரோனா நேரத்துல மைதானத்தைக் காலியா வச்சு ஆடினாங்களே, 2020-21. இங்கிலாந்து பிரீமியர் லீக்ல மொத்தம் 380 ஆட்டம். சொந்த மைதானத்துல ஆடின அணி ஜெயிச்சது 144. வெளியூர்ல இருந்து வந்த அணி ஜெயிச்சது 153. அங்கே முதல் டிவிஷன் ஆட்டம் 1888-ல தொடங்கினது. அதுல இருந்து வெளியூர் அணிங்க அதிகமா ஜெயிச்ச சீசன் அது ஒண்ணுதான். அதே புல்லு, அதே கோல் போஸ்ட், அதே சம்பளம். இல்லாம போனது கூட்டம் மட்டும்தான்.

உன் லிவர்பூல் கதை இன்னும் மோசம். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் சொந்த மைதானத்துல 68 லீக் ஆட்டம் தோக்காம ஆடின அணி அது. போன சீசன் சாம்பியன் வேற. 2021 ஜனவரி 21-ல பர்ன்லி வந்து அதை முடிச்சு வச்சுது. அதுல தொடங்கி ஆன்ஃபீல்டுல வரிசையா 6 தோல்வி. அந்தக் கிளப் வரலாத்துலயே அப்படி நடந்ததில்ல. வான் டைக் மாதிரி தடுப்பாட்டக்காரங்க காயத்துல கிடந்தாங்கன்னு சொல்லுவ. உண்மைதான். ஆனா அந்த வீட்டுக்குள்ள நுழையும்போதே எதிராளிக்கு வர்ற நடுக்கம் அந்த வருஷம் இல்லாம போச்சே, அதுக்கு எந்தக் காயம் காரணம்?

சத்தம் எப்படி வேலை செய்யுதுன்னும் பாத்திருக்காங்க. 2002-ல வெளியான ஒரு ஆய்வு. ஆன்ஃபீல்டுல நடந்த ஒரு ஆட்டத்தோட வீடியோவை 40 ரெஃப்ரிகளுக்குப் போட்டுக் காட்டினாங்க. சில பேருக்குக் கூட்டத்தோட சத்தத்தோட, மத்தவங்களுக்குச் சத்தத்தை அமத்திட்டு. சத்தம் கேட்டவங்க சொந்த ஊர் அணி மேல கொடுத்த ஃபவுல் சுமார் 15 சதவீதம் குறைவு. யாரும் லஞ்சம் கொடுக்கல. அத்தனை பேர் ஒண்ணாக் கத்தும்போது விசில் வாய்க்குப் போற கை ஒரு நொடி தயங்குது, அவ்வளவுதான்.

ஆட்டக்காரன் கால்லயும் அந்தச் சத்தம் ஏறும். 2019 மே 7, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. முதல் ஆட்டத்துல பார்சிலோனாகிட்ட 0-3ன்னு தோத்துட்டு வந்திருந்தாங்க. சலாவும் இல்ல, ஃபிர்மினோவும் இல்ல. எதிர்ல மெஸ்ஸி. இருந்தும் அந்தக் கூட்டம் ஜெயிச்ச அணிக்குப் பாடுற மாதிரி தொடக்கத்துல இருந்தே பாடுச்சு. ஓரிகி ஒண்ணு, வைனால்டம் ரெண்டு. 79-வது நிமிஷத்துல ஒரு கார்னர். பந்து பொறுக்கிப் போடுற சின்னப் பையன் சட்டுனு பந்தைத் தந்தான். அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் அதைவிடச் சட்டுனு அடிச்சார். பார்சிலோனாக்காரங்க திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஓரிகி கோல். 4-0. அந்தப் பொடியன் எந்தச் சம்பளப் பட்டியல்ல இருந்தான்? அவனும் கூட்டம்தான் தம்பி. நம்ம ஊர்ல அந்தப் பொடியன் உக்காருற இடம் சானல் கரை.

சும்மா ஆளைச் சேத்தா போதும்னு நான் சொல்லல. 1950 ஜூலை 16-ல பிரேசிலோட மரக்கானா மைதானத்துல 1,70,000 பேருக்கு மேல இருந்தாங்க. உருகுவேகூட டிரா பண்ணினாலே பிரேசிலுக்கு உலகக் கோப்பை. முதல் கோலும் பிரேசில்தான் போட்டுச்சு. 66-வது நிமிஷத்துல உருகுவே சமன் பண்ணினதும் அத்தனை பெரிய மைதானம் வாயடைச்சுப் போச்சு. 79-வது நிமிஷத்துல ரெண்டாவது கோல், கோப்பையும் போச்சு. வெற்றியைக் கொண்டாட வந்த கூட்டத்துக்குத் தவிக்கிற நேரத்துல தோள் கொடுக்கத் தெரியல. மூணு கோல் பின்னால இருக்கும்போதும் பாடுற கூட்டம் வேற. அது அப்பன் கையைப் பிடிச்சுட்டுப் பிள்ளை வந்து, பிள்ளை கையைப் பிடிச்சுட்டுப் பேரன் வந்து உருவாகுறது.

விதை கடையில கிடைக்கும், உரமும் கிடைக்கும். மண்ணுல இருக்குற உசிரை எந்தக் கடையிலயும் வாங்க முடியாது. வெளியூர் ஆட்டக்காரன் விதை மாதிரி. நம்ம சானல் கரை மண்ணு. மண்ணை வலை கட்டி மூடிட்டு விதைக்குப் பணம் தேடுறீங்க.

கமிட்டிக்கு என் யோசனை இது. நாற்காலி போடுங்க, ரெண்டு கோல் போஸ்டுக்கும் பின்னால போடுங்க. வசதி உள்ளவங்க காசு கொடுத்து உக்காரட்டும். சானல் கரையை விட்டுடுங்க. பணம் பத்தலன்னா முன்ன மாதிரி வீட்டுக்கு வீடு நெல்லு வசூல் பண்ணுவோம். என் பங்கு ரெண்டு மூட்டை, இப்பவே எடுத்துக்கலாம்.

இல்ல, வலைதான் கட்டுவோம்னா, நம்ம செவன்ஸ்ல 77-வது நிமிஷமே கிடையாது, அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும். அதனால நான் விசிலுக்கு முன்னாடியே எந்திரிச்சிடுவேன். நீங்க கோல் போஸ்ட் நடுற வயல்ல பாதி என்னோடது. ஈரம் இன்னும் கொஞ்சம் இருக்கு. உளுந்து நல்லா வரும்.