நாற்காலிக்கு ஜாதி உண்டா?

ஒரு காரியாலயத்தில் பத்துப் பேர் வேலை செய்கின்றார்கள் என்றால், அவர்களில் ஒருவர் தலைவராயிருந்து உத்தரவிடுவதும், மற்றவர்கள் அதன்படி நடப்பதும் உலக வழக்கமாகும். அந்த உத்தரவு சரியா தப்பா என்று பார்க்கலாம். உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்றும் பார்க்கலாம். நம் நாட்டிலோ இவ்விரண்டையும் பார்ப்பதற்கு முன்னால், உத்தரவிடுகின்றவர் எந்தத் தெருவில் பிறந்தார் என்பது பார்க்கப்படுகின்றது. இதற்கு வேறெங்கும் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. நமது ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசே போதுமான சாட்சியாகும்.

2020-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு படம் நாடெங்கும் பரவிற்று. கடலூர் ஜில்லா தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் படம் அது. உபதலைவரும் அங்கத்தினர்களும் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கின்றார்கள். ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஓர் அம்மையார், தரையில் உட்கார்ந்திருக்கின்றார். அதே வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி திருவள்ளூர் ஜில்லா ஆத்துப்பாக்கத்தில், அதேபோன்ற ஒரு பெண் தலைவர் கொடியேற்ற முடியாதபடி தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்த பிறகு, கலெக்டர் நேரில் போய் நின்று ஆகஸ்டு 20-ந் தேதி அவர் கையால் கொடியேற்ற வைத்தார். ஐந்து நாள் கழித்து, போலீசும் கலெக்டரும் பக்கத்தில் நிற்க ஒரு தலைவர் கொடியேற்ற வேண்டியிருந்தது என்றால், சுதந்திரம் யாருக்கு வந்தது என்று கேட்கின்றோம்.

இதைப்பற்றிச் சில கனவான்கள், "ஜாதியாவது ஒன்றாவது! படிப்பும் அனுபவமும் இல்லாதவர்களைத் தலைவராக்கினால் மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள்?" என்று தகுதி திறமைப் பேச்சுப் பேசுகின்றார்கள். அது மெய்யானால், தகுதி உள்ளவருக்காவது மதிப்புக் கிடைத்திருக்க வேண்டுமல்லவா? 1917-ல் டாக்டர் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்து உத்தியோகத்துக்குப் போனார். அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையிலும், பிறகு லண்டனிலும் படித்தவர் அவர். அந்தக் காரியாலயத்தில் அவருக்குச் சமமாகப் படித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆயினும் கீழ்ச்சிப்பந்திகள் காகிதக் கட்டுகளை அவர் கையில் கொடுக்காமல் மேஜைமேல் எறிந்தார்கள் என்று அவரது சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகின்றார்கள். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து பதினொன்றாம் நாள் தடிக்காரர்கள் வந்து அவரை வெளியேற்றினார்கள். ஆகவே குறை படிப்பில் இல்லை, திறமையில் இல்லை, பார்க்கின்றவர்களின் புத்தியில்தான் இருக்கின்றது என்பது விளங்கவில்லையா?

நிற்க, இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம் கிராமங்களில் தலைமை என்பது வேலையைப் பொறுத்ததாக ஒருநாளும் இருந்ததில்லை. கோவிலில் பரிவட்டம் யாருக்கு, முதல் விபூதி யாருக்கு, தேர்வடத்தை முதலில் தொடுகிறவர் யார் என்பதுதான் தலைமை. அது தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும். அதற்கு ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பழக்கத்தில் ஊறியவர்கள், குடிதண்ணீர்க் குழாயையும் தெருவிளக்கையும் கவனிக்க வேண்டிய ஊராட்சித் தலைவர் பதவியையும் சாமி மரியாதையாகவே நினைக்கின்றார்கள். குழாய் ரிப்பேர் ஆகிறதா என்பது அவர்களுக்குப் பெரிதல்ல. நாற்காலியில் இருப்பவர் எந்த ஜாதி என்பதே பெரிது.

நாற்காலி கொடுக்காதது வெளிப்படையான அக்கிரமம். படம் பிடித்துக் காட்டலாம். படத்தில் விழாத அக்கிரமங்கள் இதைவிட அதிகம். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் உபதலைவரும் சேர்ந்து செக்கில் கையெழுத்திட வேண்டும் என்ற முறை இருந்து வந்தது. உபதலைவர் மேல்ஜாதிக்காரராயிருந்து கையெழுத்திட மறுத்துவிட்டால், தலைவரால் ஒரு மின்சார பல்புகூட வாங்க முடியாது. பிறகு அதே உபதலைவர் தெருவில் நின்றுகொண்டு, "பார்த்தீர்களா, விளக்குப் போடக்கூட வக்கில்லாத தலைவர்" என்று பேசுவார். காலைக் கட்டிவிட்டு ஓடத் தெரியவில்லை என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தலைவர் பெண்ணாயிருந்துவிட்டாலோ சங்கடம் இரட்டிப்பாகின்றது. வெளியில் ஜாதி தடுக்கின்றது. வீட்டில் புருஷன், "நீ கையெழுத்தை மட்டும் போடு, பேசுவதை நான் பேசிக்கொள்கிறேன்" என்கின்றான். ஜாதியை ஒழிக்க வேண்டும் என்று மேடையில் முழங்குகிற புருஷர்களும் இதைச் செய்கின்றார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இந்த இழிவு அவமானத்தோடு நின்றுவிடுவதுமில்லை. மதுரை ஜில்லா மேலவளவில், ஒதுக்கப்பட்ட பதவிக்கு நின்று ஜெயித்த தலைவர் முருகேசனும் அவரோடு இருந்த சிலரும், 1997-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி பட்டப்பகலில், பஸ்ஸில் திரும்புகையில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே ஜில்லா பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் 1996 முதல் பத்து வருஷ காலம், மனுச் செய்ய ஆளில்லாமலும், ஜெயித்தவர் உடனே ராஜினாமாச் செய்யும்படியும் செய்யப்பட்டது. 2006-ல் தான் அங்கு ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். பத்து வருஷம் தலைவரில்லாமல் ஊர் கெட்டாலும் பாதகமில்லை, தாழ்த்தப்பட்டவர் தலைவராகக் கூடாது என்பது எப்பேர்ப்பட்ட தேசபக்தி!

சட்டம் தன்னாலானதைச் செய்துதானிருக்கின்றது. 1993-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கிற்று. 2016 ஜனவரி முதல் அமுலிலுள்ள வன்கொடுமைச் சட்டத் திருத்தப்படி, தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரை அவர் வேலையைச் செய்ய விடாமல் தடுப்பதே ஒரு குற்றமாகும். இதை ஒவ்வொரு தலைவரும் அங்கத்தினரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் சட்டம் நாற்காலியைத்தான் கொடுக்கும். அதில் உட்கார்ந்தவர் சொல்வதைக் கேட்கிற புத்தியைச் சட்டம் கொடுக்க முடியாது. அதை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

தோழர்களே! இந்த ஊர்களில் நாற்காலியை மறுத்தவர்கள் பார்ப்பனர்களல்ல. பார்ப்பானைப் பார்த்து, "நீ எந்த விதத்தில் உசத்தி? உன் காரியாலயத்தில் எனக்கு ஏன் இடமில்லை?" என்று கேட்டு, அந்த நியாயத்தால் பள்ளிக்கூடத்திலும் உத்தியோகத்திலும் இடம் பெற்ற ஜாதிகளைச் சேர்ந்தவர்களே மறுத்தார்கள். மேலே பார்த்து நியாயம் கேட்டுவிட்டுக் கீழே பார்த்து அதை மறுப்பவனுக்குச் சுயமரியாதை என்ற வார்த்தையை உச்சரிக்க என்ன யோக்கியதை இருக்கின்றது? தனக்கு மேல் ஒருவன் இருக்கக் கூடாது என்பது மாத்திரம் சுயமரியாதையல்ல. தனக்குக் கீழ் ஒருவன் இருக்க வேண்டும் என்ற ஆசையையும் விட்டொழிப்பதே சுயமரியாதையாகும்.

ஆகையால் நாம் சொல்வது இதுதான். அடுத்த தடவை உங்கள் ஊராட்சிக் கூட்டத்துக்குப் போகும்போது, தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கின்றார் என்று முதலில் பாருங்கள். தரையிலோ ஓரத்திலோ இருந்தால், கலெக்டர் வரட்டுமென்று காத்திராமல் நீங்களே எழுந்து, "தலைவர் நாற்காலியில் அமர்ந்த பிறகு கூட்டம் நடக்கட்டும்" என்று சொல்லுங்கள். சொல்லுகிறவர் நாற்காலி மறுத்த ஜாதியிலேயே பிறந்தவராயிருந்தால் இன்னும் நல்லது. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் விஷயத்திலும், மில்லில் மேஸ்திரி விஷயத்திலும், ஆபீசில் மேலதிகாரி விஷயத்திலும் இதையே செய்யுங்கள். உத்தரவு தப்பானால் தப்பென்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பிறப்பைப் பார்த்துக் காலை வாருவதை மாத்திரம் விட்டுவிடுங்கள்.