காத்தலென்பது கைகட்டி நிற்றலன்று

இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் காண வருவோர் வீழும் நீரின் அழகை வியந்து செல்வர். அந்நீர் நாளையும் வருமா என்று வினவுவோர் சிலரே. இங்கு வீழும் பன்னா ஓயா கொத்மலை ஓயாவிற் கலந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைந்து, மகாவலியாய்க் கீழ்நாட்டு வயல்களை நாடிச் செல்கின்றது. அக்கொத்மலை ஓயாவின் தலையூற்று ஹோர்ட்டன் சமவெளியில் உள்ளது. களனியும் வளவையும் அம்மேட்டு நிலத்திலிருந்தே நீர் பெறுகின்றன. வள்ளுவனார் நாட்டுக்கு அரண் இன்னதெனக் கூறுமிடத்து, நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் ஒருசேர வைத்து எண்ணினார். அவ்வரண் இன்று எந்நிலையில் உள்ளது?

ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழித்தலாகாதென ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞர் 1873இல் அறிவுறுத்தினார். தேயிலை மலையுச்சிவரை ஏறாது நின்றமைக்கு அவ்வறிவுரையும் ஒரு காரணமாம். ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாயிற்று. 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு சேர்ந்து உலக மரபுரிமைத் தலமாயிற்று. ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் நிலம் சட்டத்தால் காக்கப்படுகின்றது.

ஆயினும் சட்டம் வேலியாகுமேயன்றி மருந்தாகாது. அக்காட்டின் மரங்கள் நுனியிலிருந்து உலர்ந்து பட்டுப்போதலைப் பல்லாண்டுகளாக அறிஞர் கண்டு கவல்கின்றனர். வறட்சியோ, காற்றில் வரும் நச்சோ, மண்ணின் குறைபாடோ என ஆய்வு தொடர்கின்றது. பட்ட மரத்தினிடத்தில் முளைக்கும் கன்றை மரைகள் மேய்ந்துவிடுகின்றன. ஐரோப்பியர் கொணர்ந்த மஞ்சட்பூ முட்புதர் புல்வெளியைப் பற்றிப் படர்கின்றது.

"இயற்கையை அதன் போக்கில் விடுக" என்பாருமுளர். கேட்டற்கு இனிய சொல்தான். ஆனால் மனிதன் கைபட்டுக் குலைந்த நிலம், அவன் கையை விலக்கிக்கொண்ட அளவிலே தானே சீர்ப்படும் என்பதற்கு உறுதியில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலே மணற்பாங்கான ஊசியிலைக் காட்டுநிலம் ஒன்றுண்டு. 1978இல் அது தேசிய ஒதுக்கிடமாக வகுக்கப்பட்டது. தீயின்றி அக்காடு தன் இயல்பில் நிலைபெறாது. ஆதலின் குளிர்காலத்தில் அளவறிந்து தீயிட்டு அதனை ஓம்புகின்றனர். ஆங்குள்ள ஊர்களும் பண்ணைகளும் அத்திட்டத்துள் அடங்கும். நம் மேகக்காட்டிலோ தீ மருந்தன்று, நஞ்சாகும். எனவே நாம் ஆங்கிருந்து கொள்ளற்பாலது தீயையன்று. நிலத்தின் இயல்பறிந்து நெடுங்காலத்துக்கு வகுக்கும் முறையையே.

நம் மலைநாட்டிலும் ஊசியிலைக் காடுகள் உள. அவை இயற்கையாய் முளைத்தனவல்ல. மானாப்புல் வளர்ந்த மலைச்சரிவுகளிற் சில பதிற்றாண்டுகளுக்கு முன் நடப்பெற்ற, கரிபியப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பைனஸ் மரங்கள் அவை. கோடையில் அவற்றின் உதிர்ந்த இலைகள் எளிதில் தீப்பற்றுகின்றன. "பைனஸ் வந்த பொறகுதான் ஊத்து வத்திப்போச்சு, மாஸ்டர்" என்று ஒரு மூதாட்டி என்னிடம் கூறினார். அவர் கூற்றை ஆய்ந்துதான் முடிவு காணல் வேண்டும்; ஆய்வோர் அவரையும் கேட்டல் வேண்டும். மரங்களை ஒருங்கே வெட்டினால் சரிவின் மண் பெயரும். சிங்கராஜ வனத்தின் எல்லையிலே பேராதனை அறிஞர்கள் பைனஸ் மரங்களை இடையிடையே அகற்றி, அந்நிழலில் உள்நாட்டு மரக்கன்றுகளை வளர்த்துக் காட்டியுள்ளனர். அது பொறுமையான வழி. ஓரிரண்டு ஆண்டில் முடிவதன்று.

"குடியிருக்கச் சொந்தக் காணியில்லாத தொழிலாளியிடம் காட்டைப் பற்றிப் பேசலாமோ?" என்று நண்பரொருவர் என்னைக் கடிந்துகொண்டார். பேசத்தான் வேண்டும். ஊற்று வற்றினால் குடத்தோடு மலையேறுபவள் அத்தொழிலாளியின் மனைவியே. மேலே மண் சரிந்தால் முதலிற் புதைவது அவன் லயமே. காட்டில் தீப்பிடித்தால் முதலில் ஐயுறப்படுபவனும் அவனே. அங்ஙனமிருக்க, காட்டைக் காக்கும் திட்டம் வகுக்கும் அவையில் அவனுக்கு இருக்கை இல்லாமை எவ்வகையில் நீதியாகும்? பட்டிப்பொளை, ஒகிய, அக்கரப்பத்தனை முதலாய எல்லையூர் மக்கள் அவ்வவையில் அமர்தல் வேண்டும். திட்டமும் ஆண்டறிக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் அவர்கள் கைக்கு எட்டுதல் வேண்டும். முட்புதர் களைதலும் கன்று வளர்த்தலும் அவர்தம் மக்களுக்குக் கூலியுள்ள தொழிலாதல் வேண்டும்.

காலவரையறை யாது எனின், அதனையும் காடே கூறுகின்றது. ஹோர்ட்டன் சமவெளியில் நெலு என்னுஞ் செடி பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை திரளாகப் பூக்கும். 2013இல் அவ்வாறு பூத்தது. அது நம் புலவர் போற்றிய குறிஞ்சியின் இனமாகும். குறிஞ்சித் திணையை ஆண்டுதோறும் கற்பிக்கும் யான், அதன் சுற்றத்தை மாணவர்க்கு நேரிற் காட்டியதில்லை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றேன். நெலு இருமுறை பூக்கும் காலமாகிய இருபத்துநான்கு ஆண்டேனும் ஒரு திட்டம் நீடித்தல் வேண்டும். அமைச்சர் மாறலாம், அதிகாரி ஓய்வு பெறலாம், திட்டம் மாறலாகாது.

பூத்து முடிந்த நெலு பட்டுப்போகும். அதன் விதையே அடுத்த பூவைக் காணும். இத்திட்டத்தின் பயனைக் காண யாம் இரோம். எம் வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் காண்பர். அவர்கள் குடத்தில் நீர் இருத்தல் வேண்டும்.